வெளிப்பக்க நாதாங்கி

அடையாறு, சென்னை
8 ஜனவரி 2024

அன்புள்ள அத்தைக்கு,

கீர்த்தி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. தி. நகர் கடையில் பொங்கல் கூட்டம். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

போனில் கேட்கலாம்தான். ஆனால் நீங்கள் பேசினாலே, அங்கே உங்களோடு இருக்கும் என் அண்ணன் சுரேஷ் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். பக்கத்தில் ஒருவன் மூச்சு விடுவது கேட்கும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால் தாள்.

நம் பழைய ஓலைவீடு வந்து சேர்ந்துவிட்டது. கொட்டிவாக்கத்தில், கடற்கரைக்கு அருகில், எண் ஒட்டிய மரங்களாகக் கிடக்கிறது. பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தும் அறக்கட்டளை என்று சொன்னேன் அல்லவா, அவர்களுடைய இடம். எங்கள் அலுவலகம் அவர்களுக்கு வரைபடம் போடுகிறது. பனையோலை வீடு ஒன்று வேண்டும் என்றார்கள். நான் நம் வீட்டைச் சொன்னேன். அப்பா உடனே சரி என்றார். எனக்கே ஆச்சரியம். "அந்த உள்ளறை மட்டும் வேண்டாம், கரையான் பிடிச்சது, இடிச்சுத் தள்ளிருங்க" என்றார். ஆனால் பார்த்தேன், ஒரு மரம்கூட உளுத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்.

மண்சுவரை அப்படியே தூக்கி வர முடியாது. உடைத்த மண்ணைச் சாக்கில் கட்டி வந்து, குழைத்து, திரும்ப எழுப்புகிறோம். அதே மண். அதே கனம். கூரையைத் தாங்கும் பனங்கைகளும் அதே வரிசையில் ஏறும். ஓலை மட்டும் புதிது.

மூன்று இடத்தில் எனக்குப் புரியவில்லை. உள்ளறைக் கதவுக்கு நாதாங்கி ஏன் வெளிப்பக்கம்? உள்பக்கம் எதுவுமே இல்லை. சைட்டைப் பார்த்துக்கொள்ளும் தணிகாசலம் சிரிக்கிறார்: "இன்னா மேடம் இது, தாப்பா வெளில கீது, உள்ள கீறவன் எப்டிச் சாத்துவான்?" அடுத்தது, அந்த அறைச் சுவரில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சின்னக் குழிகள். அவை எதற்கு? கடைசியாக, வீடு முழுக்க அண்ணாந்தால் ஓலை தெரியும்போது, அந்த அறைக்கு மட்டும் ஏன் பலகை அடுக்கி மண் பூசிய மச்சு?

பதிலை அலுவலக விலாசத்துக்கே எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

அன்புடன்,
கீர்த்தி


கருங்குளத்துவிளை
20 ஜனவரி 2024

அன்பு மருமகள் கீர்த்திக்கு அத்தை இசக்கியம்மாள் எழுதிக்கொண்டது.

நான் சுகம். மூட்டு வலி அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கு அண்ணன் கொடுத்தனுப்பிய சேலை வந்தது, நல்ல சேலை. சுரேஷ் வயலுக்கும் வீட்டுக்கும் அலைகிறான். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நாதாங்கி ஆட்டுக்குட்டி உள்ளே போகாமல் இருக்க வைத்தது. குழி பலகை செருக. மச்சு நெல்லுக்கு. கூரை தீப்பிடித்தாலும் மச்சுக்குக் கீழே இருக்கிற நெல் வேகாது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் உண்டு.

இவ்வளவுதான். இதையெல்லாம் வரைந்து என்ன செய்யப் போகிறாய்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். கன்னி மூலையில் விளக்கு வைக்க இடம் விட்டிருக்கிறாயா? அங்கே விளக்கு இல்லாமல் வீடு நிற்கக் கூடாது.

தணிகாசலம் என்று எழுதியிருந்தாயே, யார் வீட்டுப் பிள்ளை?

இப்படிக்கு,
அத்தை


அடையாறு
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்களுக்கு வலி குறைந்திருந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை. தைலம் அனுப்பியிருக்கிறேன்.

விளக்குக்கு இடம் விட்டாயிற்று. தென்மேற்கு மூலை, நெல்குதிர் நின்ற இடம். வரைபடத்தில் கன்னி மூலை என்றே எழுதிவிட்டேன்.

ஆனால் மச்சு. அதைப் பற்றி நீங்கள் எழுதியது சரியாக இல்லை, அத்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளறை அடுப்படிக்கு ஒட்டியது. மச்சைப் பிரித்தபோது மேலே இருந்த பனங்கைகளைப் பார்த்தேன். அடுப்படிப் பனங்கைகளைப் போலவே கரி. கையில் ஒட்டுகிற கரி. பல வருடப் புகை. மச்சுப் பலகையின் அடிப்பக்கமோ வெள்ளையாக இருக்கிறது. அப்படியென்றால் அந்த அறையும் வெகுகாலம் திறந்த கூரையாகத்தான் இருந்தது. புகை மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு யாரோ நடுவில் மூடியிருக்கிறார்கள். பலகையில் கொல்லன் அடித்த பொட்டித் தலை ஆணி இல்லை, கடையில் வாங்கிய கம்பி ஆணி. நெல் விளைந்து குவிந்த காலத்து வேலை இல்லை அது. அப்பா இளைஞராக இருந்தபோது செய்ததாக இருக்கும்.

நெல் இல்லாத காலத்தில் நெல்லுக்கு ஏன் மச்சு?

குழிகளையும் விடவில்லை. இடிக்கும் முன்பே ஒவ்வொன்றையும் அளந்திருந்தேன். புதுச் சுவரில் ஈரம் காய்வதற்குள் கொத்தனாரை வைத்து அதே உயரத்தில், அதே ஆழத்தில் தோண்டிவிட்டோம். பலகை செருகுகிற குழி என்றால் எதிர்ச்சுவரிலும் இருக்க வேண்டும். இல்லை. ஒரு சுவரில் மட்டும். கால் பெருவிரல் நுழைகிற அளவு.

நினைவு வந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கீர்த்தி


கருங்குளத்துவிளை
12 பிப்ரவரி 2024

கீர்த்திக்கு,

தைலம் வந்தது. சுகம்.

நான் திசையைச் சொல்லவில்லை. கன்னி மூலை என்று சொன்னது உள்ளறையை.

அந்தக் குழிகளை மண் வைத்து அடைத்துவிடு. நாதாங்கியைக் கழற்றிவிடு. உன் அப்பாவை அங்கே கூட்டிப்போகாதே.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அத்தை


அடையாறு
27 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமையே வீட்டைப் பார்த்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. அவராகவே காரை எடுக்கச் சொன்னார்.

முதலில் தணிகாசலத்திடம் பேசினார். வேலியோரம் நின்றுகொண்டு, சிரித்த முகமாக.

"தம்பிக்குச் சொந்த ஊர் எது?"

"மெட்ராஸ்தான் சார். கோட்டூர்புரம்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாலயும் மெட்ராஸ்தான் சார்."

"கொலசாமி எங்க இருக்கு?"

"தெருமுனைல கீது சார். அஞ்சு நிமிசம் நட."

தணிகாசலம் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். தோளில் தட்டிவிட்டு, தட்டிய கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். வியர்வையாக இருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு வீட்டுக்குள் வந்தார். குனிய வேண்டிய வாசலில் சரியாகக் குனிந்தார், யாரும் சொல்லாமலே. முகட்டைப் பார்த்தார். விட்டத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளறை வாசலில் நின்றுவிட்டார். "இதையும் கொண்டாந்துட்டியா" என்றார். நான் பெருமையாக உள்ளே போய்ச் சுவரைக் காட்டினேன். குழிகளில் விரலை விட்டுக் காட்டினேன்.

"இதையுமா அளந்த?"

அவர் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. அதன் பிறகு கதவு மூடியது. நாதாங்கி விழுந்தது.

நடுப்பகல், அத்தை. வெளியே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததும் கேட்கவில்லை. மண்சுவர் சத்தத்தைக் குடித்துவிடுகிறது. இதை நான் கட்டுரையில் எழுதியிருக்கிறேன், மண்சுவரின் நல்ல குணங்களில் ஒன்றாக. கூப்பிட்டேன். என் குரல் என்னிடமே திரும்பி வந்தது. அண்ணாந்தேன். மச்சு.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவு திறந்தபோது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். "சரியா விழுதான்னு பாத்தேன். பயந்துட்டியாளா?"

பயப்படவில்லை என்றேன். காரில் வரும்போது அவர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

தணிகாசலம் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டீர்கள். ஸ்வர்ணலதா என்கிற அம்மாவின் பிள்ளை. அந்த அம்மா கோட்டூர்புரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அதற்கு மேல் நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ, அதற்குப் பதில், ஆமாம். அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளறையில் இருந்தது யார்?

கீர்த்தி


கருங்குளத்துவிளை
7 மார்ச் 2024

அன்பு மருமகளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். சந்திரிகா. சின்ன வயதில் காய்ச்சலில் போனாள் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். சின்ன வயது இல்லை. உன்னைவிடக் கொஞ்சம் இளையவள். தையல் படிக்கப் போன இடத்தில் கீழத்தெருப் பையனைப் பிடித்துப்போயிற்று.

அவளை அந்த அறையில் வைத்தார்கள். நாதாங்கி அப்போது போட்டதுதான். ஆனால் ஓலை வீட்டில் யாரையும் அடைத்து வைக்க முடியாது. சுவர் மண். கூரை ஓலை. கையால் விலக்கினால் வானம் தெரியும். அவள் வளையலை உடைத்துச் சுவரைத் தோண்டினாள். கால் வைக்கக் குழி. பலகைக்கு என்று நான் பொய் சொன்னதும் நீ அளந்ததும் அதைத்தான். ஏறி, ஓலையைப் பிரித்து, வெளியே போனாள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய்விட்டாள்.

திரும்பக் கொண்டு வந்தபோது யாரும் அவளை அடிக்கவில்லை. உன் அப்பா ஆசாரியைக் கூட்டி வந்தார். ஒரே பகலில் மச்சு போட்டார்கள்.

விஷம் குடித்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். உள்ளே விஷம் எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எங்களுக்குக் கன்னி. அந்த மூலையில் ஓலைப்பெட்டியில் புதுச்சேலையும் வளையலும் வைத்து, விளக்கு வைத்துக் கும்பிடுவோம். கல்யாணமாகாமல் போன பெண்ணை வீட்டுக் காவலாக வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். வருடா வருடம் கொடைத் திருவிழாவுக்குச் சேலை உன் அப்பா கடையிலிருந்துதான் வரும். நல்ல சேலையாகவே வரும். நீ அளக்க வருமுன் பெட்டியை எடுத்துவிடச் சொன்னார். என் வீட்டில்தான் தொங்குகிறது.

நாதாங்கி போட்ட கை யாருடையது என்று கேட்காதே. உனக்குத் தெரிந்துவிட்டது.

பங்குனியில் கொடை. உன்னைக் கூப்பிடுவார்கள். வராதே.

அத்தை


அடையாறு
19 மார்ச் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உடனே கிழிக்கவில்லை. மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். பிறகு கிழித்தேன்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இப்போது தயக்கமாக இருக்கிறது. நாங்கள் நலம் என்று எழுதுவதும்.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அம்மா என் தட்டில் இன்னொரு தோசை வைக்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். அப்பா காலையில் பேப்பர் படித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நிற்கிறார். "வேல எல்லாம் எப்படிப் போகுது?" நல்லாப் போகுதுப்பா. "அந்தத் தம்பி?" நல்லா இருக்காருப்பா. "நல்ல பையன்" என்கிறார். அவ்வளவுதான்.

என் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. பித்தளை. எல்லா அடுக்குமாடி வீடுகளிலும் எல்லா அறைகளுக்கும் இருப்பதுதான். இத்தனை வருடம் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது அது மட்டும் தெரிகிறது. நேற்று யாரோ அதற்கு எண்ணெய் போட்டிருக்கிறார்கள். கீல்களுக்கும் போட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லாக் கதவுகளுக்கும் போட்டார்களா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும். நான் பைத்தியமாகிறேனா?

தணிகாசலத்திடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "உங்கப்பா எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு கீர்த்தி" என்றார். உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வேறு வழியாக வருகிறார்.

நேற்று அப்பா கடையிலிருந்து இரண்டு சேலை கொண்டு வந்தார். ஒன்று கன்னிக்கு என்றார். பெயர் சொல்லவில்லை. இன்னொன்று எனக்கு, கொடைக்குக் கட்டிக்கொள்ள. இரண்டும் ஒரே நிறம். ஒரே கரை. "ரெண்டு எடுத்தா ஒரே மாதிரி எடுத்துரணும், பாகுபாடு இருக்கக் கூடாது பாரு" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கொடைக்கு எனக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறார். வேலை இருக்கிறது, வரவில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன்.

கீர்த்தி


சென்னை
1 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தினமும் அலுவலக வரவேற்பறையில் தபால் தட்டைப் பார்க்கிறேன்.

கொடைக்கு வரவில்லை என்று சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. இரண்டு நாள் கழித்து, உங்களுக்கு உடம்பு மோசம் என்றார். வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டீர்களாம். நாகர்கோவிலில் காட்டிக் கொண்டு வந்தார்களாம். "கீர்த்தியப் பாக்கணும், கீர்த்தியப் பாக்கணும்னே சொல்லிட்டுக் கெடக்கா" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அத்தை, அவர் நடிக்கவில்லை. அழுததைப் பார்த்தேன். அதனால்தான் எதுவும் புரியவில்லை.

உங்கள் எண்ணுக்குப் போட்டேன். சுரேஷ் அண்ணன் எடுத்தான். "தூங்குறாவ" என்றான். மறுபடி போட்டேன். "தூங்குறாவன்னு சொல்லுதேன்லா. நேர்ல வந்து பாத்துக்கோ."

நீங்கள் உண்மையிலேயே கிடந்தால்? என்னை உண்மையிலேயே கேட்டிருந்தால்? எனக்காக எழுதிய ஒரே ஆள் நீங்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டால் பிறகு நான் எப்படி இருப்பேன்? பையில் துணி எடுத்து வைத்தேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

அந்தப் பையோடு எழும்பூருக்குப் போகவில்லை. கோட்டூர்புரம் போனேன். ஸ்வர்ணலதாம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னாம்மா, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது?" சொன்னேன். எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே மாவைக் கலக்கினார்.

"இது அவுசிங் போர்டு வூடு கண்ணு. ரெண்டு ரூமு, ஒரு கக்கூசு. அந்தத் தாப்பாவும் மழைல வீங்கி வேல செய்யாது. ஒன்ன உள்ள வச்சிப் பூட்டணும்னு நெனச்சாக் கூட முடியாது. படுத்துக்கோ."

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. இப்போது இரண்டும் இல்லை. மாடிப்படியில் யார் ஏறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். தணிகாசலம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கீழே நின்று விசில் அடிக்கிறார், நான் பயப்படாமல் இருக்க.

என்னைக் கேட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள். கேட்டிருந்தால் வருவேன். எது நடந்தாலும். இதைப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

கீர்த்தி


கருங்குளத்துவிளை
பங்குனி, தேதி தெரியவில்லை

கீர்த்திக்கு,

பால் கொண்டு வருகிற பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள்தான் உன் கடிதத்தையும் தபால்காரரிடம் வாங்கி, பால்செம்புக்கு அடியில் வைத்துக் கொடுத்தாள். இடது கையால் எழுதுகிறேன். வலது கை வரவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உடம்பு சரியில்லை என்பது நிஜம். உன்னைக் கூப்பிட்டேன் என்பது பொய்.

உன் அப்பா வந்துவிட்டார். என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். கஞ்சி ஊட்டுகிறார். காலைப் பிடித்துவிடுகிறார். எப்போதும் நல்ல அண்ணன்தான். சந்திரிகாவுக்கும் நல்ல அண்ணன்தான். பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போவார்.

நீ வீட்டை விட்டுப் போனது அவருக்குத் தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு என்று இன்னும் தெரியவில்லை. விலாசத்தை யாருக்கும் எழுதாதே. எனக்கும் எழுதாதே.

வந்த அன்றைக்கு, உன்னைக் கூப்பிடப் போனை என் காதில் வைத்தார். "ஒரே ஒரு வார்த்த சொல்லு இசக்கி. வான்னு சொல்லு. ஒஞ் சத்தத்தக் கேட்டா வந்துருவா." எனக்குப் பேச வரும். கை போனதே தவிர நாக்கு போகவில்லை. ஆனால் நான் பேசவில்லை. வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டேன். எச்சிலை வழிய விட்டேன். சுரேஷ் டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தான். "நாக்கு விழுந்துட்டுதுப்பா" என்றான். உன் அப்பா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். சத்தம் வராமல் அழுதேன்.

அதிலிருந்து நான் ஊமை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்பதில்லை. கொடைக்கு வந்த சொந்தமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் முன்னாலேயே எல்லாம் பேசுகிறார்கள், எனக்குக் காதும் இல்லாத மாதிரி. என்ன பேசுகிறார்கள் என்று உனக்கு எழுதமாட்டேன். நீ வராவிட்டால் அதெல்லாம் வெறும் பேச்சு.

இனி எனக்கு வாய் திறக்க முடியாது. திறந்தால் உன்னைக் கூப்பிடச் சொல்வார்கள். பரவாயில்லை. பேசி என்ன கண்டேன்.

நான் செத்தால் சொல்லியனுப்புவார்கள். அது நிஜமாகவே இருக்கும். உன் அம்மா குரலிலேயே சொல்வார்கள். அவளும் அழுவாள்.

அப்போதும் வராதே.

இப்படிக்கு,
உன் அத்தை